அந்த 5 எந்த 5? ஏற்காட்டு பங்களா இசிசி83 விவகாரம்

வால்வு வாத்தியார் (செவ்வாய்ப்பேட்டை)
வெள்ளி, காலை 5.50

நேற்று "வீட்டில் கிடக்கும் பழைய செட்" இழையில் ஏற்காட்டுக் காபி தம்பி ஒரு வால்வின் (பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாய்) படம் போட்டு இப்படி எழுதியிருந்தார்: "தாத்தாவின் ஆம்ப்ளிஃபயரில் கிடைத்த இசிசி83. அடியில் ஐ61, அதற்குக் கீழே பி5கே2. 1955-ஆம் வருட மல்லார்டு, பிளாக்பர்ன் தயாரிப்பு, நீளத் தட்டு. சேலம் மாவட்டத்தில் இப்படி இன்னொன்று இருக்காது." அதற்கு ஆளாளுக்குக் கைதட்டல்.

கைதட்டியவர்களில் ஒருவராவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. மல்லார்டு, சரி. பிளாக்பர்ன், சரி. 1955 தப்பு. அது 1965. உள்ளே இருப்பது நீளமான உலோகத் தட்டும் கிடையாது, குட்டைத் தட்டு.

புதியவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன். மல்லார்டு என்ற இங்கிலாந்துக் கம்பெனியை 1927-லேயே பிலிப்ஸ் முழுதாக வாங்கிவிட்டது, அதனால் குறியீடும் பிலிப்ஸ் குடும்பத்துக் குறியீடுதான். பின்களுக்குச் சற்று மேலே, கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி மங்கலாக இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து வாயால் ஊதினால் தெரியும். முதல் வரி, என்ன வால்வு என்பது. இசிசி83-க்கு முதலில் எம்சி, பிறகு ஐ6. ஒட்டி நிற்கும் கடைசி எண், எத்தனையாவது மாற்றம் என்பது. இரண்டாவது வரியின் முதல் எழுத்து தொழிற்சாலை. பி இங்கிலாந்தின் பிளாக்பர்ன், முக்கோணம் ஹாலந்தின் ஹேர்லென். அடுத்தது வருடத்தின் கடைசி இலக்கம். அடுத்த எழுத்து மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். கடைசி எண் வாரம். ஆக பி5கே2 என்றால் பிளாக்பர்ன், 5-ல் முடியும் ஒரு வருடம், நவம்பர், இரண்டாம் வாரம்.

5-ல் முடியும் ஒரு வருடம். எந்தப் பத்தாண்டு என்பதை அந்த 5 சொல்லாது, மேல் வரிதான் சொல்லும். 50-களின் நீளத் தட்டு எம்சி1. ஐ61 வந்ததே 1960 வாக்கில். ஐ61 போட்ட வால்வு 1955-ல் வந்தது என்றால், பிறப்பதற்கு முன்பே ரேஷன் கார்டில் பேர் சேர்த்த பிள்ளை மாதிரி.

ஏற்காட்டுக் காபி
வெள்ளி, காலை 8.15

வணக்கம் வாத்தியார் ஐயா. என் பெயரைப் போட்டுத் தனி இழையே திறந்துவிட்டீர்கள், சந்தோஷம்.

தாத்தா அந்த ஆம்ப்ளிஃபயரைக் கட்டியது 1957-ல். மல்லார்டு வெளியிட்ட ஐந்து-பத்து சர்க்யூட். ஐந்து வால்வு, பத்து வாட். இஎஃப்86 ஒன்று, இசிசி83 ஒன்று, இஎல்84 ஒரு ஜோடி, ரெக்டிஃபயருக்கு இஇசட்81. சேஸிஸ் தகட்டில் தாத்தாவே ஆணியால் கீறி எழுதிய தேதி இருக்கிறது: 14-9-57. எஸ்டேட் கணக்குப் புத்தகத்திலும் செலவு எழுதியிருக்கிறார். 1957-ல் கட்டிய செட்டுக்குள் 1965-ல் செய்த வால்வு எப்படிப் போகும்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் ஐயா, ரேஷன் கார்டு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வால்வு வாத்தியார்
வெள்ளி, காலை 8.21

கையால் போகும் தம்பி. பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகினால் போகும். அதற்குத்தான் அதை சாக்கெட்டில் வைக்கிறார்கள், இல்லாவிட்டால் ரெசிஸ்டர் மாதிரி பற்றவைத்தே விட்டிருப்பார்களே.

தாத்தா எட்டு வருடம் பாட்டுக் கேட்டிருப்பார், ஒரு பக்கம் கரகரத்திருக்கும், மாற்றியிருப்பார். அந்தக் காலத்து மனிதர் வால்வு மாற்றியதற்கெல்லாம் சேஸிஸில் கல்வெட்டு வெட்டமாட்டார். 1965.

அம்மாப்பேட்டை சவுண்ட்
வெள்ளி, காலை 10.40

இரண்டு பேருமே தப்பு. பி என்றால் பெங்களூர்.

அப்பா காலத்திலிருந்து எங்களுடையது சவுண்ட் சர்வீஸ். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குக் குழாய் கட்டிய ஆட்கள். இஎல்34 போட்ட ஆம்ப்ளிஃபயர் நாலு இருந்தது, முன்னால் இசிசி83. வால்வு போனால் அப்பா வாங்கிவந்தது பெங்களூர் பெல் வால்வுதான். பெல் என்றால் பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1954-ல் தொடங்கியது, 1961-லிருந்து ரேடியோ வால்வு போட்டது, அதுவும் பிலிப்ஸ் முறையில். வீட்டுக்குப் பக்கத்தில் ஒசூரைத் தாண்டினால் பெங்களூர் இருக்க, ஏற்காட்டுக்காரர் இங்கிலாந்தில் போய் வால்வு வாங்குவாரா? பி பெங்களூர், 5 என்பது 1975. நான் கையால் தொட்ட சரக்கைப் பற்றிப் பேசுகிறேன், படத்தைப் பெரிதாக்கி இல்லை.

வால்வு வாத்தியார்
வெள்ளி, காலை 10.52

தெய்வமே. இதற்கு முன் 1955 ஒன்றுதான் இருந்தது, இப்போது 1975-ம் சேர்ந்துகொண்டது. இன்னும் யாராவது 1945 என்று வருவீர்களா? இசிசி83 என்ற பெயரே அப்போது கிடையாது, இருந்தாலும் வாருங்கள், வரவேற்கிறேன்.

சவுண்ட் தம்பி, பெல் வால்வை நானும் நூற்றுக்கணக்கில் மாற்றியிருக்கிறேன். நல்ல வால்வு. குறை சொல்லவில்லை. ஆனால் அதில் பெல் என்று அச்சு இருக்கும், இந்தியாவில் செய்தது என்று இருக்கும். பிளாக்பர்ன் குறியீட்டை வைத்துக்கொண்டு பெங்களூர் என்கிறீர்களே, பி என்று தொடங்கும் ஊரெல்லாம் வால்வு செய்ததா? பவானி? பர்கூர்? பொம்மிடி? ரயில் நிற்கிற ஊர்தானே, பொம்மிடியிலும் ஒரு தொழிற்சாலை வைத்துவிடலாம்.

தட்டுவடை செட்
வெள்ளி, காலை 11.05

பொம்மிடி இசிசி83 இரண்டு பார்சல்.

அம்மாப்பேட்டை சவுண்ட்
வெள்ளி, காலை 11.20

அச்சு இருக்கும் என்கிறீர்கள். அந்தப் படத்தில் அச்சே இல்லையே? மல்லார்டு என்று எங்கே இருக்கிறது? காட்டுங்கள் பார்க்கலாம்.

ஏற்காட்டுக் காபி
வெள்ளி, மதியம் 12.30

அச்சு இருந்தது. மல்லார்டு என்று வளைந்த எழுத்தில் வெள்ளையாக இருந்தது. படம் எடுப்பதற்கு முன்னால் நன்றாக இருக்கட்டும் என்று ஈரத்துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். எழுத்து துணியோடு வந்துவிட்டது.

அதை நான் பார்த்தேன். என் தங்கையும் பார்த்தாள்.

வால்வு வாத்தியார்
வெள்ளி, மதியம் 12.33

ஸ்பிரிட்டா!

இருங்கள், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

லீ பஜார் பழைய இரும்பு
வெள்ளி, மதியம் 1.10

தம்பி, அச்சு போனால் பாதி விலை போச்சு. எழுத்து இல்லாத வால்வுக்கும் தலையெழுத்து இல்லாத மனிதனுக்கும் சந்தையில் ஒரே மதிப்பு. ஆனாலும் எனக்குப் பார்க்க ஆசை. விற்பதாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லவும்.

வால்வு வாத்தியார்
வெள்ளி, மதியம் 1.25

வந்துவிட்டார் மதிப்புச் சொல்ல. இந்த ஆளிடம்தான் மூன்று வருடம் முன்பு "டெலிஃபங்கன், ஜெர்மனி, மழமழ தட்டு" என்று ஒரு ஜோடி வாங்கினேன். டெலிஃபங்கன் தன் கையால் செய்த ஒன்பது பின் வால்வென்றால் அடியில் பின்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே வைரக்குறி வார்த்திருக்கும். அச்சு இல்லை, வார்ப்பு. எந்த ஸ்பிரிட்டுக்கும் போகாது. வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால் வழுக்கை. தட்டில் வரிவரியாகக் கோடு. எழுத்தை மட்டும் யாரோ புதிதாகப் போட்டிருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கப் போனால், "விற்ற சரக்கு மாற்ற முடியாது" என்று ஒரு பலகை. முந்தின நாள் அந்தப் பலகை அங்கே இல்லை.

லீ பஜார் பழைய இரும்பு
வெள்ளி, மதியம் 1.50

பலகை பத்து வருடமாக அங்கேதான் இருக்கிறது. மேலே சைக்கிள் டயர் தொங்கியது, அதனால் உங்கள் கண்ணில் படவில்லை.

டெலிஃபங்கன் பெயரில் வந்ததெல்லாம் டெலிஃபங்கன் செய்தது என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியிடம் வாங்கித் தன் பெயரைப் போட்டுக்கொள்வது அப்போது சகஜம். இப்போதும்தான். இன்று கடையில் மல்லார்டு என்று புதுசாக வருவது ரஷ்யாவில் சரடோவில் செய்தது. பெயரை வாங்கி ஒட்டியிருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்த மனுஷன் ஜோடிக்கு நான் சொன்ன விலையில் பாதிதானே கொடுத்தார்? பாதி விலைக்கு வைரம் கேட்கிறார்.

நாகலூர் நிலா
வெள்ளி, மதியம் 2.40

ஒரு சின்னக் கேள்வி. இங்கே எல்லோரும் "ஒரிஜினல்" என்கிறீர்கள். ஒரிஜினல் என்றால் என்ன? ஆம்ப்ளிஃபயரோடு வந்த வால்வா, மல்லார்டு தன் தொழிற்சாலையில் செய்த வால்வா, இல்லை 50-களில் செய்ததா? காபி முதல் அர்த்தத்தில் பேசுகிறார், வாத்தியார் இரண்டாவதில் பேசுகிறார், லீ பஜார் எது விலை போகுமோ அதில் பேசுகிறார். அதேபோல் நீளத் தட்டு "நல்லது" என்றால் காதுக்கா, கைக்கா, பைக்கா? முதலில் இதை முடிவு செய்துகொண்டால் சண்டை பாதி குறையும் இல்லையா?

அம்மாப்பேட்டை சவுண்ட்
வெள்ளி, மதியம் 2.58

அச்சு இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் அது பெல் இல்லை என்று யார் சொல்ல முடியும்? பி பெங்களூர்.

வால்வு வாத்தியார்
வெள்ளி, மதியம் 3.02

அச்சு போனால் வால்வு ஊர் மாறிவிடுமா? நெற்றியில் விபூதி அழிந்தால் ஆள் மாறிவிடுவானா? குறியீடு இருக்கிறதே கண்ணாடியில்! ஐ61, பி5கே2. பிளாக்பர்ன். 1965 நவம்பர். அன்றைக்கு அங்கே மழை பெய்ததா என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியாது.

மீட்டர் மணி (சூரமங்கலம்)
வெள்ளி, மாலை 6.30

வேலை முடிந்து வந்து இப்போதுதான் படித்தேன். எல்லோரும் ஜாதகம் பார்க்கிறீர்கள். வால்வை மீட்டரில் வைத்துப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இசிசி83-இன் தரவுத்தாள் எளிது. தட்டுக்கு 250 வோல்ட், கிரிட்டுக்கு மைனஸ் 2 வோல்ட். 1.2 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். கடத்தல் 1.6, பெருக்கம் 100. ஒரே கண்ணாடிக்குள் இருக்கும் இரண்டு டிரையோடும் (பெருக்கிப் பகுதிகள்) ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்தால் நல்ல வால்வு. அப்புறம் பென்சிலால் லேசாகத் தட்டி ஸ்பீக்கரில் மணி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டு நீளமாக இருந்தால் அதிர்வு வாங்கும் வாய்ப்பும் கூடுதல், இதை யாரும் சொல்லவில்லை. உச்சியில் இருக்கும் பேரியம் பூச்சு வெள்ளிபோல மின்னினால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது, பால்போல வெளுத்தால் காற்று புகுந்துவிட்டது. இவ்வளவுதான் விஷயம். 55 ஆனால் என்ன, 65 ஆனால் என்ன?

வால்வு வாத்தியார்
வெள்ளி, மாலை 6.44

மணி சார் பாட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் வீட்டில் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, ஸ்பீக்கர் இருக்கவேண்டிய இடத்தில் எட்டு ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்து ஆஸிலோஸ்கோப்பைப் பார்த்து "ஆஹா" என்பார்.

"55 ஆனால் என்ன" என்பதுதான் எனக்கு வலிக்கிறது. இப்படி ஒவ்வொருவரும் என்ன என்ன என்று விட்டுத்தான் இன்று ஸ்பிரிட்டால் துடைத்த வால்வை லட்சம் ரூபாய்ப் பொக்கிஷம் என்று போடுகிறார்கள். தேதி என்றால் தேதி சரியாக இருக்க வேண்டும். நாளைக்கு மாடர்ன் தியேட்டர்ஸை 1945-ல் தொடங்கினார்கள் என்று ஒருவர் எழுதினால், "எப்போதானால் என்ன, வளைவு மட்டும் ஏற்காடு ரோட்டில் நிற்கிறதே" என்று விட்டுவிடுவீர்களா? அது 1935. இது 1965.

மீட்டர் மணி
வெள்ளி, மாலை 7.05

பாட்டுக் கேட்காததற்குக் காரணம் நீங்கள்தான் வாத்தியாரே. சபையில் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன், சொல்லவைக்கிறீர்கள்.

என் பிரீ-ஆம்ப்பில் இருந்த இசிசி83-ஐ எடுத்துவிட்டு, "இதைப் போட்டுக் கேளுங்கள், சத்தம் திறந்துகொள்ளும்" என்று இசிசி88 ஒன்றைச் செருகினது யார்? இரண்டும் ஒன்பது பின்தான். ஆனால் இசிசி83-இன் ஹீட்டர் (உள்ளே சூடேற்றும் இழை) 4, 5-ஆம் பின்னில் 12.6 வோல்ட் வாங்கும், 9 நடுப்புள்ளி. இசிசி88-இன் ஹீட்டர் அதே 4, 5-ல் 6.3 வோல்ட்தான் தாங்கும், அதன் 9 உள்தடுப்புத் தகடு. என் செட்டில் 12.6. சத்தம் திறக்கவில்லை, வால்வுதான் ஒரு நொடி பளிச்சென்று வெளிச்சம் போட்டுவிட்டு மூடிக்கொண்டது.

வால்வு வாத்தியார்
வெள்ளி, மாலை 7.12

உங்கள் செட் 6.3-ல் கட்டியிருக்கும் என்று நினைத்தேன். 12.6-ல் கட்டியிருக்கிறேன் என்று நீங்கள் சொன்னீர்களா? சொல்லவில்லை. சர்க்யூட் படம் கேட்டேனா? கேட்டேன். கொடுத்தீர்களா? "மனதில் இருக்கிறது" என்றீர்கள். உங்கள் மனதில் இருப்பதை நான் எந்த மீட்டர் வைத்துப் பார்ப்பது?

மீட்டர் மணி
வெள்ளி, மாலை 7.15

6.3-ல் கட்டியிருந்தாலும் அது சூடாகியே இருக்காது! அப்போது 4-ஐயும் 5-ஐயும் சேர்த்துவிட்டு 9-க்கு எதிராகத்தான் கொடுப்பார்கள். இசிசி88-ல் ஹீட்டருக்குக் கரண்டே போயிருக்காது. எந்த வழியிலும் அது வேலை செய்யாது. இது பால பாடம்.

வால்வு வாத்தியார்
வெள்ளி, மாலை 7.16

இந்த இழை இசிசி83 பற்றியது. தலைப்பை விட்டு வெளியே போகாதீர்கள்.

தட்டுவடை செட்
வெள்ளி, மாலை 7.40

வாத்தியார் ஒருநாள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜையும் பார்த்தார். அதற்குத் தலைப்பு திறக்கலாமா?

ஏற்காட்டுக் காபி
சனி, காலை 9.20

எல்லோருக்கும் பதில். இன்று காலை அளந்துவிட்டேன். நீளத் தட்டு 17 மில்லிமீட்டர், குட்டைத் தட்டு 14 என்று வாத்தியாரே முன்னொரு முறை எழுதியிருக்கிறார். நான் தங்கை பையனின் ஸ்கேலைக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தேன். பதினைந்தரை வருகிறது. 14 இல்லை. ஆகவே குட்டைத் தட்டு இல்லை. ஆகவே 1955.

வால்வு வாத்தியார்
சனி, காலை 9.31

பதினைந்தரை என்றால் 17-ம் இல்லையே தம்பி! கணக்கு ஒரு பக்கம் மட்டும்தான் ஓடுமா?

முதலில், உருண்டைக் கண்ணாடிமேல் தட்டையான ஸ்கேலை வைத்தால் பார்வை சாயும். தட்டு உள்ளே இருக்கிறது, ஸ்கேல் வெளியே இருக்கிறது. கண்ணை எங்கே வைக்கிறோமோ அதற்கேற்ப ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் ஆடும். இரண்டாவது, தட்டு எங்கே முடிகிறது, அதைப் பிடித்திருக்கும் காது எங்கே தொடங்குகிறது என்று பார்த்தீர்களா? மேலே கீழே இரண்டு மைக்கா வட்டம் இருக்கும், நிறையப் பேர் மைக்காவிலிருந்து மைக்காவுக்கு அளந்துவிட்டுத் தட்டு நீளம் என்பார்கள். மூன்றாவது, ஐ61. எத்தனை தரம் சொல்வது? ஐ61. உங்கள் ஸ்கேலில் பதினைந்தரை என்று வந்ததால் பிளாக்பர்ன்காரன் தன் குறியீட்டை மாற்றிக்கொள்ளப் போகிறானா? ஞாயிற்றுக்கிழமை நானே வெர்னியர் அளவுகோலோடு வருகிறேன். இருபது கொண்டை ஊசியும் ஏறிவருகிறேன். ஒரு காபி கொடுத்தால் போதும்.

அம்மாப்பேட்டை சவுண்ட்
சனி, காலை 9.55

மைக்கா என்றதும் ஞாபகம் வந்தது. மைக்கா எங்கே விளைகிறது? நம் நாட்டில்தான், நெல்லூரிலும் கோடர்மாவிலும். இங்கிலாந்துக்காரனே இங்கிருந்துதான் வாங்கினான். உள்ளே இருப்பது நம் மைக்கா. அப்படியிருக்க, அந்த வால்வு பெங்களூர் என்பதில் என்ன சந்தேகம்?

தட்டுவடை செட்
சனி, காலை 10.02

மைக்காவில் கரண்ட் கசியாமல் இருக்க மெக்னீசியா பூசுவார்கள் என்று வாத்தியார் ஒருமுறை எழுதினார். அதற்கு மூலம் மாக்னசைட். மாக்னசைட் எங்கே இருக்கிறது? நம் சுண்ணாம்புக்கரட்டில். ஆக அது சேலம் வால்வு. முடிந்தது வழக்கு.

வால்வு வாத்தியார்
சனி, காலை 10.06

உங்கள் தர்க்கப்படி தட்டுவடைக்குள் இருக்கும் பீட்ரூட் ஊட்டியில் விளைந்தால் அது ஊட்டி வடையா? விஷயத்துக்கு வாருங்கள்.

அழகாபுரம் அனலாக்
சனி, காலை 11.30

வணக்கம் நண்பர்களே, புதிய உறுப்பினர். இந்த மாதிரி விண்டேஜ் டியூப்கள் பற்றிப் பேசுவதைப் பார்க்கவே இனிமையாக இருக்கிறது. என்னிடம் ஒரு 12ஏஎக்ஸ்7 டியூப் இருக்கிறது, பழைய டியூப்களின் சவுண்ட்ஸ்டேஜ் தனிதான். அந்த டியூப் 1955 ஆக இருந்தால் மிகவும் அபூர்வம், காபி நண்பருக்கு வாழ்த்துகள்.

வால்வு வாத்தியார்
சனி, காலை 11.34

வருக. இங்கே அதற்குப் பெயர் வால்வு. டியூப் என்றால் சைக்கிளுக்குள் இருப்பது, இல்லாவிட்டால் கூரையில் தொங்குவது. கரண்டை ஒரு பக்கம்தான் போகவிடும், மறுபக்கம் விடாது, அதனால் வால்வு என்று பெயர் வைத்தான். அமெரிக்காவில் டியூப் என்பார்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஐம்பது வருடமாக வால்வு. மற்றபடி, நீங்கள் சொல்லும் 12ஏஎக்ஸ்7-ம் இசிசி83-ம் ஒன்றுதான், வெள்ளைக்காரன் இரண்டு பெயர் வைத்தான். அது 1965. வாழ்த்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.

அழகாபுரம் அனலாக்
சனி, காலை 11.50

பெயரில் என்ன இருக்கிறது சார்? ஒரு புதியவரை வரவேற்கும் முறை இதுதானா?

லீ பஜார் பழைய இரும்பு
சனி, காலை 11.58

எங்களுக்கெல்லாம் இதே வரவேற்புதான் கிடைத்தது. பழகிவிடும்.

நாகலூர் நிலா
சனி, மதியம் 12.15

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை. நான் தாத்தாவின் ஆம்ப்ளிஃபயர் பாடுகிறதா என்று கேட்க வந்தேன், அதையாவது சொல்லுங்கள்.

ஏற்காட்டுக் காபி
சனி, மதியம் 12.40

தாத்தா போனதிலிருந்து யாரும் போடவில்லை, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். மேலே பனிமூட்டம், பின்னெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. இன்று சாயந்திரம் பிளக்கில் செருகிப் பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன். பாடினால் எல்லோர் வாயும் அடைபடும்.

வால்வு வாத்தியார்
சனி, மதியம் 12.41

செருகாதே.

தம்பி, இதை மட்டும் கேள். 55, 65 எல்லாவற்றையும் ஓரமாக வை. இருபத்தைந்து வருடம் சும்மா கிடந்த செட்டை நேராக 230-ல் செருகக் கூடாது. பில்டர் கண்டென்சர் உள்ளே காய்ந்திருக்கும், வீங்கும், வெடிக்கும், டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரித்துவிடும். கப்ளிங் கண்டென்சர் கசிந்தால் இஎல்84 கிரிட்டில் பாசிட்டிவ் ஏறி, தட்டு செக்கச்செவேல் என்று சிவந்துவிடும், இரண்டு நிமிடத்தில் ஜோடி காலி. பழைய காகிதக் கண்டென்சரை எல்லாம் மாற்று. எலக்ட்ரோலைட்டிக்கை மாற்று. முதல் தடவை போடும்போது 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுக் கொடு. பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். உடனே அணை. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், அணைத்த பிறகும் நிற்கும். ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். பின்னை ஸ்பிரிட்டால் துடை, அங்கே துடைக்கலாம். கண்ணாடியை விட்டுவிடு.

மீட்டர் மணி
சனி, மதியம் 12.50

இதில் வாத்தியார் சொல்வதை அப்படியே கேளுங்கள். எனக்கு மனது வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

ஏற்காட்டுக் காபி
சனி, மதியம் 1.20

சரி, செருகவில்லை. நன்றி ஐயா. ஆனால் ஒன்று கவனித்தீர்களா, "55, 65 எல்லாவற்றையும் ஓரமாக வை" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். 1955-ஆகவும் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டதற்கு நன்றி.

வால்வு வாத்தியார்
சனி, மதியம் 1.22

யார் ஒத்துக்கொண்டது? உயிர் போகக் கூடாதே என்று ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களா? 1965! ஐ61! குட்டைத் தட்டு! நாளை காலை எட்டு மணி பஸ்ஸில் வருகிறேன், வெர்னியர் பையில் இருக்கிறது.

அம்மாப்பேட்டை சவுண்ட்
சனி, மதியம் 1.30

நானும் வருகிறேன். பழைய பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். அப்பா வைத்திருந்த பெல் வால்வு ஒன்று எடுத்து வருகிறேன், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெங்களூர் என்று உங்களுக்கே தெரியும்.

லீ பஜார் பழைய இரும்பு
சனி, மதியம் 1.34

வண்டியில் எனக்கும் ஓர் இடம் போடுங்கள். கையில் ரொக்கத்தோடு வருகிறேன்.

வால்வு வாத்தியார்
சனி, மதியம் 1.36

இந்த ஆள் வந்தால் நான் வரமாட்டேன்.

அப்புறம் தம்பி, வருவதற்கு முன்னால் அந்த இஎல்84 இரண்டின் அடியையும் படம் எடுத்துப் போடு. ஆர்எக்ஸ் என்று தொடங்கும், கீழே பி-யா முக்கோணமா என்று பார்க்க வேண்டும். அதன் எண்ணும் 60-களைக் காட்டினால் தாத்தா மொத்த செட்டையும் ஒரே நாளில் மாற்றியிருக்கிறார் என்று ஆகிவிடும்.

ஏற்காட்டுக் காபி
சனி, மதியம் 1.50

போட மாட்டேன்.